ரெண்டு ஜாடி கடல் தண்ணி

மீனு இல்லீங்க அண்ணே. தண்ணி. கடல் தண்ணி. நீங்க காதுல வாங்குனது சரிதான். சிரிச்சு முடிங்க, நான் நிக்கிறேன்.

ஆச்சா? பாருங்க, டீ ஊத்துறவரும் சிரிக்கிறாரு. நோர்வூட் பஜார்ல என்னயப் பாத்துச் சிரிக்காத ஆளு ஒருத்தர் இருந்தா, அவரு இன்னிக்குத்தான் பஸ்ஸவிட்டு எறங்கியிருக்கணும். நீங்க நீர்கொழும்புலேருந்து லொறி நெறைய மீனு ஏத்திக்கிட்டு கினிகத்தேனை ஏத்தத்துல ஏறி வாரீங்க. அந்த மீனுக்குப் பக்கத்துல ரெண்டு ஜாடிக்கு எடம் இருக்காதா? ஜாடி நான் தாரேன். ஊறுகா ஜாடிதான், வாயி அகலம், மூடி இருக்கு. சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சு எம் சம்சாரமே கழுவி வச்சிருக்கா.

குடிக்கவா? ஐயோ, இல்லீங்க. மருந்துக்கும் இல்ல. மந்திரிக்கவும் இல்ல. அப்பிடி ஏதாச்சும்னா கௌரவமா இருந்திருக்கும்.

எம் பேரு சோலைமலைங்க. தையக்காரன். அந்தா, இப்றாஹிம் நானா மளிகைக்கு அடுத்தாப்புல பச்சப் பலகக் கடை தெரியுதுல்ல, அதான். முன்னால மிசினு, பின்னால குடித்தனம். தொரமாருக்குக் கால்சட்ட தச்சே வயிறு வளத்தவன். இப்ப அவங்க ஒவ்வொருத்தரா கப்பலேறிச் சீமைக்குப் போறாங்கல்ல, அப்பிடித்தான் மேத்தோட்டத்துப் பெரிய தொரயும் கெளம்புனாரு. பங்களா சாமானையெல்லாம் ஏலம் விட்டாங்க. நானும் போனேன். எதுக்குப் போனேன்னா, சன்னல் தெரச்சீலைக்கு. நல்ல வெல்வெட்டுங்க. எடுத்தா கல்யாண மாப்பிளைகளுக்குக் கோட்டு தைக்கலாம்னு ஒரு கணக்கு. தூக்கியாரதுக்கு ஆளு வேணும்னு சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அந்தப் பங்களா வராந்தாவுலதான் அத வச்சிருந்தாங்க. பொட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, இரும்புச் சட்டம், உள்ளுக்குத் தண்ணி, கல்லு, சிப்பி, மீனு. ஆத்து மீனு இல்லீங்க. தொர திருகோணமலப் பக்கம் லீவுக்குப் போயி முங்கி முங்கிப் புடிச்சாராம். ஒண்ணு தட்டு மாதிரி மஞ்சளா. ஒண்ணு சட்டைக்குப் போடுற நீலத்தவிட நீலமா. ஆரஞ்சுல வெள்ளப் பட்டி போட்டு ஒண்ணு, என் விரலு அளவுதான் இருக்கும். இன்னொண்ணு முள்ளு முள்ளா செட்டைய விரிச்சுக்கிட்டு ராசா கணக்கா நின்னுச்சு.

ஏலம் போட்டவரு கொழும்பு ஆளு. வெலயச் சொன்னாரு. நான் கையத் தூக்குனேன். ஏத்திச் சொன்னாரு, நான் எறக்கல்ல. மறுபடி ஏத்துனாரு, மறுபடியும் எறக்கல்ல. முத்துலிங்கம்னு நம்ம தோட்டத்துக் கணக்கப்புள்ள, அவரு வந்து எங் காதுல, சோலமல, நீ யாரோடப்பா போட்டி போடுறன்னு கேட்டாரு. திரும்பிப் பாக்குறேன், கையத் தூக்குன ஆளு நான் ஒருத்தன்தான். எனக்கு மேல நானே வெலயக் கூட்டிக்கிட்டிருந்திருக்கேன். எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. வெல்வெட்டு வேற ஆளுக்குப் போயிருச்சு.

ஏன் வாங்குனேன்னா... அத விடுங்க. வாங்கிட்டேன்.

கோக்கி அழகன்தான் கூட வந்து எறக்கிக் குடுத்தாரு. தொரக்குச் சமைச்ச மாதிரி மீனுகளுக்கும் அவருதான் தீனி. அவரு சொன்னாரு: இது உப்புத்தண்ணி மீனு, இதுக்குக் காத்து வேணும், சூடு வேணும், தின்னக் கூனி எறா வேணும்னு. நான் எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனேன். பங்களாவுல கரண்டு இருந்துச்சு, சின்ன மோட்டாரு ஒண்ணு புளுக்கு புளுக்குன்னு காத்து விட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க கடை வரிசைக்கு இன்னும் கரண்டே வரல்ல. தலைய ஆட்டும்போது அது ஞாபகத்துக்கு வரல்ல.

அப்பறம் என்ன பண்ணேன்னு கேக்குறீங்களா? சைக்கிள் பம்பு. கையால அடிச்சேன். கை வலிச்சு அடுத்த நாளு ஊசில நூலு கோக்க முடியல்ல. சரின்னு மண்டைய ஒடச்சு, தையல் மிசின் மிதியில பம்பக் கட்டி, ரப்பர் கொழாய தண்ணிக்குள்ள விட்டேன். நான் தைக்கத் தைக்க மீனு மூச்சு விடும். நல்ல ஏற்பாடுதானே? ஆனா ஆர்டர் இல்லாத நேரமும் மீனு மூச்சு விடணும்ல. துணியே இல்லாம சும்மா ஒக்காந்து மிதிச்சேங்க. காலையில மிதி, மத்தியானம் மிதி. எதுத்த கடை கணேசமூர்த்தி இருக்காரே, அவரும் தையக்காரர்தான், எம் மிசின் சத்தம் நிக்காம கேக்குறதப் பாத்துட்டு, சோலமலைக்கு வியாபாரம் கொட்டுதுன்னு அவரும் புது மிசினு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டாரு. பாவம், அதுல இப்ப வெத்தலத் தட்டு வச்சிருக்காரு.

சூட்டுக்கு? நம்ம குளிரு உங்களுக்குத் தெரியும், இந்தா நீங்களே காதுல துணி சுத்தியிருக்கீங்க. துணி தேய்க்கிற தேப்புப் பொட்டியில கரி போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சேன். ஒரு நாளு அழகன் வந்து எட்டிப் பாத்துட்டு, என்ன தம்பி, மீனுக்குச் சட்ட தேச்சுக் குடுக்குறியான்னு கேட்டாரு.

அதுக்கப்பறம் மீனு கொறைய ஆரம்பிச்சுது. மொதல்ல நீலத்தக் காணல்ல. கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அப்பறம் மஞ்சத்தட்டக் காணல்ல. அதுவும் ஒளிஞ்சிருக்குன்னு நெனச்சேன். பாக்க வந்த சனத்துக்கெல்லாம் பெருமையா, இதுக ரொம்பக் கூச்சப்படுற சாதி, புது ஆளக் கண்டா வெளிய வராதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இந்த முள்ளு ராசா மட்டும் வயிறு உப்பி நடுவுல நிக்குது. பாருங்க, இதுக்கு நம்ம வீட்டுத் தண்ணி புடிச்சுப்போச்சுன்னு அதுக்குக் கூடக் கொஞ்சம் கூனி போட்டேன். அத்தனையையும் அதான் முழுங்கியிருக்கு! கடைசில அதுவும் ஒரு காலையில மல்லாந்து கெடந்துச்சு. அதுக்குப் பாவம்னு நான் அழல்ல.

மிச்சம் அந்த ஆரஞ்சு. அது மட்டும் ஒரு சிப்பி சந்துக்குள்ள பூந்து தப்பிச்சிருக்கு.

இப்பத் தண்ணிக் கதை. நாளுக்கு நாளு பொட்டியில தண்ணி வத்தும்ல, நான் இப்றாஹிம் நானா கடைல உப்பு வாங்கி, வாளியில கரைச்சு, நாக்குல வச்சு ருசி பாத்து ஊத்துவேன். நானா ஒரு நாளு, என்ன சோலமல, இவ்வளவு உப்பு, உசுரோடயே கருவாடு போடுறீங்களான்னாரு. கேலின்னு நெனச்சேன். பாத்தா அதத்தான் செஞ்சிருக்கேன். வத்துறது தண்ணிதானே, உப்பு எங்கயும் போகாதுல்ல? வெறும் தண்ணி ஊத்த வேண்டிய எடத்துல உப்புத் தண்ணியா ஊத்தி ஊத்தி, அந்தச் சின்னது துடுப்பக் கூட அசைக்க முடியாம அடியில போயி ஒக்காந்துக்கிச்சு.

இல்லீங்க, அத நான் கண்டுபுடிக்கல்ல. எனக்கு அவ்வளவு புத்தி இருந்தா வெல்வெட்டோட வந்திருப்பேன். சம்சாரம்தான் சொன்னா. சண்முகவடிவு. விடியக்காலம், தோட்டத்துல ஆளுகள வேலைக்குக் கூப்புடுற பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரம். மிசின் சத்தம் கேக்குது. நான் பாயில கெடக்குறேன், அப்ப யாரு மிதிக்கிறான்னு எழும்பி வந்து பாத்தா, அவ. கம்பளியப் போத்திக்கிட்டு, துணியும் இல்லாம நூலும் இல்லாம, மிதிச்சுக்கிட்டு இருக்கா. கண்ணு பொட்டி மேல. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன். விரல உள்ள விட்டு, நாக்குல வச்சுப் பாத்தா. மொகத்தச் சுளிச்சா. கொழம்பு வத்துனா உப்புக் கூடிப்போகும்னு தெரியாத மனுசனா நீங்கன்னா.

சம்சாரம் திட்டுறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்னு சொல்றீங்க. சரிதான். ஆனா நான் அங்கனயே ஒக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதப் பாத்து அவ, எதுக்கு இப்ப அழுவுறீங்க, வாளியில நல்ல தண்ணி எடுத்துக்கிட்டு வாங்கன்னா. ரெண்டாவது பேச்சு.

கூடுன உப்புக்கு நல்ல தண்ணி ஊத்தி ஊத்திச் சரிக்கட்டினோம். கொஞ்சம் தெளிஞ்சு நீந்துச்சு. ஆனா நெறம் வெளுத்துக்கிட்டே வருதுங்க. கூனிய வாயில எடுத்துத் துப்புது. அழகன் இப்ப வேற பங்களாவுல இருக்காரு, நானுஓயாப் பக்கம். அங்க போயிக் கேட்டேன். கடை உப்பு அதுக்குப் பத்தாது தம்பி, கடலுக்குள்ள உப்பு மட்டுமா இருக்கு, உண்மையான கடல் தண்ணி வேணும், அதுவும் ஆத்துத் தண்ணி கலக்குற களப்புத் தண்ணி இல்ல, வெளிக்கடல்ல அள்ளணும்னாரு. அதான் உங்ககிட்ட வந்து நிக்கிறேன்.

என்ன சொல்றீங்க? ஆமாங்க, தெரியும். நீங்க வலையில அள்ளிப் போடுற மீனுல இது ஒரு பல்லுக்குக் காணாது. அது செத்தாச் சாகட்டும், அதே மாதிரி வெள்ளப் பட்டி போட்ட ஒண்ண முங்குற பயலுககிட்டச் சொல்லிப் புடிச்சு, தண்ணியோட கொண்டாந்து தாரேங்குறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அது சரிவராதுங்க.

தைப்பொங்கல் முடிஞ்சு எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. டிஸ்பென்சரி ஐயா தலைகீழாப் புடிச்சுத் தட்டித் தட்டிப் பாத்தாரு. அழுவவே இல்ல. அன்னிக்கு வாய மூடுனவதான் சண்முகவடிவு. சமைப்பா, தண்ணி எடுப்பா, சோறு போடுவா, ஒரு வார்த்த கெடையாது. சாமி பாத்தாச்சு, பரியாரி மருந்தும் பாத்தாச்சு. ஏலத்தன்னிக்கு வராந்தாவுல அந்தப் பொட்டிக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னா. கண்ணாடியில உள்ளங்கைய வச்சிருந்தா. அதப் பாத்த பொறவு நான் எப்பிடிங்க கைய எறக்குறது?

இப்பப் பேசுறா. என்கூடக் கொஞ்சம். அந்த மீனுகூட நெறையா. குனிஞ்சு குனிஞ்சு, கனகவல்லி, தின்னும்மா கனகவல்லின்னு கொஞ்சிக்கிட்டிருக்கா. ஒரு விரலு மீனுக்கு இம்மாம் பெரிய பேரான்னு பஜாரே சிரிக்குது, நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அவங்களுக்குத் தெரியாது, அது புள்ளைக்கு வைக்கிறதுக்கு அவ எடுத்து வச்சிருந்த பேரு.

அதனால வேற மீனு வேணாங்க அண்ணே. தண்ணி மட்டும் போதும். கொஞ்சம் தள்ளிப் போயி, வெளிக்கடல்லயே பாத்து அள்ளுங்க.