எட்டு விரலில் ஏழாம் வாய்ப்பாடு

“மச்சான், எட்டு வெரலுக்கும் கணக்கு வருதுடா!”

கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் பொன்னேரியைத் தாண்டியபோது, எனக்கு எதிரே இருந்தவர் பக்கத்து நண்பரின் தொடையில் ஓங்கித் தட்டினார். பிரஸ் மெஷினில் வலக்கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். அதுவரை கைகளையே வெறித்துக்கொண்டு வந்தார்.

“இன்னாடா ஒளர்ற? தையல் பிரிக்கறப்ப மயக்க ஊசி போட்டாங்களா?”

“ஒம்போதாம் வாய்ப்பாட்டுக்கு டியூஷன் பசங்களுக்கு வெரல மடக்கிக் காட்டுவேனே! மூணாவத மடக்குனா இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ஏழு. இருவத்தேழு. இந்தக் கைய வச்சிக்கினு எப்டிக் காட்றதுன்னுதானே டியூஷனயே வுட்டேன்?”

“ஆமா, ஜேப்புல சொருவிக்கினு திரியற.”

“இப்ப பாரு. மூணாவத மடக்கறேன். இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட அஞ்சு. பத்து பத்தா எண்ணாத, எட்டு எட்டா எண்ணு. ரெண்டு எட்டு பதினாறு, கூட அஞ்சு?”

“இருவத்தொண்ணு.”

“மூவேழு! எத மடக்குனாலும் ஏழாம் வாய்ப்பாடுதான்.”

நண்பர் நம்பவில்லை. அவர் கைகளை இழுத்து வைத்து, ஐந்தாவது விரலைத் தானே மடக்கினார்.

“நாலு எட்டு முப்பத்திரெண்டு, கூட மூணு... அட, அஞ்சேழு!”

பேப்பருக்குப் பின்னால் நானும் இரண்டு விரல்களை மறைத்துக்கொண்டு ஆறாவதை மடக்கினேன். நாற்பத்திரண்டு!

“சரி, பசங்க ஒன் கைய பாத்து பயந்துட்டா?”

“மொதல்ல பயப்படும். இன்னிக்கி சாயங்காலமே வரச் சொல்லி, எல்லாரையும் கட்ட வெரல் ரெண்டையும் மறைச்சிக்கினு ஒக்கார வைக்கப்போறேன்.”