கண்ணால் சுருதி சேர்ப்பவன்

பியானோவுக்கு ஈரக்காற்று ஆகாது, ஐயா. மழை பிடித்தால் பலகை ஊதிச் சுருதி ஏறும், வெயில் வந்தால் இறங்கும். அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. உங்கள் அறையில்கூட ஈரம் அதிகம், சுவர் பூத்துப்போயிருக்கிறது.

என் வேலை எளிது. மடிக்கணினியைத் திறந்து, மைக்கைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டையைத் தட்டினால், கம்பி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று திரை சொல்லிவிடும். ஆதாரக் கட்டைக்கு நானூற்று நாற்பது. பச்சை எரிந்தால் சரி. காதால் சுருதி சேர்ப்பவர்கள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அசரீரிக்குக் காத்திருப்பவர்கள் போல் நிற்பார்கள். பார்க்கச் சகிக்காது.

என் மனைவி அந்த ரகம். பியானோ வாசிப்பாள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பாள். தெருவில் போகிற வண்டியின் ஹாரனைக் கேட்டு இன்ன ஸ்வரம் என்பாள். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நாய்க்கும்தான் காது கூர்மை, அதை யார் மேடையேற்றுகிறார்கள்?

ஒருநாள் தன் வீட்டு விருந்தில் என் மைத்துனர், அவள் அண்ணன், "மாப்பிள்ளை சுருதி சேர்த்தா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். "அவருக்கென்னண்ணா, கண்ணாலேயே சேர்த்துடுவாரு. காதைக் கழட்டி வீட்டுல வச்சிட்டே வேலைக்குப் போகலாம்." பதினோரு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுவாரம் மென்பொருளின் அளவுத் திருத்தத்தில் அரை அதிர்வைக் குறைத்தேன். திரை அதையும் நானூற்று நாற்பது என்றே காட்டியது. எங்கள் வீட்டுப் பியானோவை அதற்கு இறக்கினேன். அடுத்த மாதம் இன்னும் அரை. எட்டு மாதத்தில் நான்கு.

இரண்டாம் மாதமே, "என்னங்க, பியானோ இறங்கியிருக்கே" என்றாள். திரையைக் காட்டினேன். பச்சை. தன் அப்பா கொடுத்த, தட்டினால் எப்போதும் நானூற்று நாற்பதிலேயே ஒலிக்கும் இசைக்கவையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். அதன் கவட்டில் நான் ஏற்கெனவே அரம் போட்டிருந்தேன். அங்கே ராவினால் ஒலி தாழும். மாதாமாதம் ராவினேன். பியானோவும் கவையும் ஒன்றாகவே பேசின.

"ரேடியோப் பாட்டெல்லாம் ஏத்தமா கேக்குது. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்று அழுதாள். காது டாக்டர் சோதித்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு, மனசுல ஏதாவது கவலையா?" என்றார். பெரிய படிப்பு படித்தவர். அவரும் அவள் கொண்டுபோன கவையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளை இனி வர வேண்டாமென்று அனுப்பிவிட்டாள். பியானோவை மூடினாள். அப்புறம் எதற்கும் என்னையே கேட்கத் தொடங்கினாள். "காலிங்பெல் அடிச்சுதாங்க?" "குழாய் சொட்டுதா?" சில சமயம் உண்மையைச் சொன்னேன். எப்போதும் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அதற்கும் ஒரு அளவு உண்டு.

போன வியாழக்கிழமை காலை கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அந்த ரயில் கடவையில் கதவு இல்லை, நீங்களே பார்த்தீர்கள். கிடங்குச் சுவரை ஒட்டித் தண்டவாளம் வளைகிறது. வண்டி வருவதைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அவள் நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ரயில் வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"ஒண்ணும் வரலை. உன் காதுதான்" என்றேன்.

"அப்படியா? சரி," என்று கையை விட்டாள். "என்னால உங்களுக்கு எவ்வளவு தொல்லை." அவள் முன்னால் போனாள். நான் இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

தள்ளினீர்களா என்று நேற்றிலிருந்து அதையே கேட்கிறீர்கள். தொடவில்லை. அதற்கெல்லாம் முரடர்கள் இருக்கிறார்கள். ரயில் வந்தது எனக்கும் கேட்டது, அவள் சொல்வதற்கு முன்பே கேட்டது. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எங்களுக்குள் ஒட்டுதல் இல்லை என்று அவள் அண்ணன் எழுதிக்கொடுத்திருக்கிறாரே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. கடைசி நிமிடத்தில்கூட அவள் என்னைத்தான் நம்பினாள்.