முந்திச் சொன்ன கருவி

கருவியில் கோளாறு எதுவும் இல்லை, ஐயா. இன்னும் நாலு தடவை பிரித்துப் போட்டாலும் ஒன்றும் அகப்படாது. அதைப் பராமரிப்பவன் நான். என் கையில் இருக்கும் எதுவும் பழுதாவதில்லை.

உங்கள் குழப்பம் புரிகிறது. அன்று காலை பேருந்தை எடுக்கும் முன் என் தங்கையின் கணவன் இந்த மதுச் சோதனைக் கருவியில் ஊதினான்; சிவப்பு எரிந்தது. உடனே அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சோதனைக்குக் கொடுத்த ரத்தத்தில் ஒரு துளி மதுகூட இல்லையாம். அந்த முடிவு வருவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூச்சில் இருந்தது ரத்தத்தில் எப்படி இல்லாமல் போகும்? நல்ல கேள்வி. பொறுமையாகச் சொல்கிறேன்.

பல வருடம் குடித்தவன் அவன். என் தங்கையின் நகை, என் அம்மாவின் தூக்கம், எல்லாவற்றையும் சேர்த்துக் குடித்தான். பிறகு விட்டான். விட்டு ஒரு வருடம் ஆனதும் பணிமனையே கூடிக் கைதட்டியது. மேலாளர் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளும் குழந்தைக்குக்கூட யாரும் இப்படித் தட்ட மாட்டார்கள். நான் ஆயுளில் அதைத் தொட்டதே இல்லை. எனக்கு யார் தட்டினார்கள்? அம்மா என்னிடமே சொன்னாள்: "மாப்பிள்ளையப் பாத்துக் கத்துக்கடா. மனுஷன்னா அந்த வைராக்கியம் வேணும்."

சிவப்பு எரிந்ததும் அவன் சிரித்தான். "என்ன மச்சான், உன் மெஷினுக்கு ஏதாச்சும் ஊத்தி விட்டுட்டியா?"

விதிப்படி மறுபடி ஊதச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணா, தொடவே இல்லன்னு புள்ள மேல சத்தியம் பண்றாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் நம்பிடறேன். மெஷின் தப்பாக் காட்டுமா?"

"காட்டாதும்மா" என்றேன். அது உண்மை.

அவள் அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். வேலையும் போயிற்று. இனித் தொட்டால் ஈரல் தாங்காது என்று மருத்துவர் எச்சரித்திருந்தும், இரண்டு நாள் கழித்து அவன் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஊரே மெச்சிய வைராக்கியத்தின் லட்சணம் இவ்வளவுதான். கருவி பொய் சொல்லவில்லை, ஐயா. இரண்டு நாள் முந்திச் சொன்னது.

இனி, அது எப்படி என்பது. ஒருவர் ஊதிய குழலை அடுத்தவரிடம் கொடுக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அந்த வாடை எங்கள் அறையில் எப்போதும் இருப்பதுதான்; யாரும் கண்டுகொள்வதில்லை. துடைத்த பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். ஏனென்றால், ஆவி ஆளிடமிருந்து வருகிறதா, குழலிலிருந்து வருகிறதா என்று கருவிக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் காயவிட்டுத்தான் கொடுத்தேன். அவனிடம் இரண்டு தடவையும் ஈரத்தோடு நீட்டினேன்.