தாலிக்கொடியும் துவக்குப் பெட்டியும்

“தன்ர தாலிக்கொடியை எடுக்கிறதுக்கு என்ர மனுசி துவக்கு லைசன்ஸ் எடுத்தவ, அண்ணை.”

புலம்பெயர் தமிழர் நிறைந்த மில்லிக்கனில், இறைச்சிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். கூட நின்ற வயதானவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஏன் அப்பிடி?”

“நான் மான் வேட்டைக்குப் போறனான் எல்லே. வீட்டிலை பலமான பெட்டி துவக்குப் பெட்டிதான் எண்டு நகை முழுக்க அதுக்குள்ளைதான் வைக்கிறவ. லைசன்ஸ் இல்லாத ஆளிட்டைப் பெட்டித் திறப்பைக் குடுக்கக்கூடாது எண்டு கோர்ஸிலை சொன்னவங்கள். ஒவ்வொரு கலியாணத்துக்கும் நான் வேலையாலை வந்துதான் திறந்துவிடோணும். ஒரே சண்டை. கடைசியிலை அவவும் கோர்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணிட்டா.”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? நான் என்ர லைசன்ஸை நேரத்தோடை ரினியூவுக்குப் போட்டனான். வரவரச் சட்டத்தை இறுக்கிக்கொண்டு போறாங்கள். டிவோர்ஸோ, மன வருத்தமோ, வேலை போச்சுதோ எண்டு கேள்வி. இத்தனை வருசம் ஒரு பிழை விட்டதில்லை. கள்ளத் துவக்கு வைச்சிருக்கிறவனை ஆர் கேக்கிறான்? மறுமொழி வர முந்தி என்ர லைசன்ஸ் முடிஞ்சுபோச்சு.”

“அப்ப துவக்கு?”

“மனுசியின்ர பேரிலை மாத்தியாச்சு. இப்ப லைசன்ஸ் இல்லாத ஆள் நான். திறப்பை ஒளிச்சு வைச்சிருக்கிறா.”

“கேட்டால் தரமாட்டாவோ?”

“சட்டமெண்டால் சட்டம்தானாம்.”

பெரியவர் சிரிக்கவில்லை. “அப்ப இந்த முறை எங்களுக்கு மான் இறைச்சி இல்லையோ?”

“அதுதானே அண்ணை, ஆட்டிறைச்சிக்கு வரிசையிலை நிக்கிறன்.”