மடியில் ஒரு லாரி

ஊறுகிற தோலின் நாற்றம் எங்கே அடித்தாலும், சுதந்திரம் வந்த புதிதில் ஆம்பூர் பஸ்ஸில் மடிமேல் லாரி வைத்திருந்த அந்த வேலை போன டிரைவர் நினைவில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். அவரே செய்த முழ நீளத் தகர லாரி. பக்கத்திலிருந்த அவருடைய சிநேகிதர் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

“ஹெட்லைட்டு இன்னா?”

“டார்ச் பல்பு.”

“டயரு?”

“சம்சாரத்தோட டயர் செருப்பு.”

“டயரு செருப்பாச்சு, செருப்பு மறுபடி டயராச்சு. அவ வெறுங்கால்ல நடக்கட்டும்.”

“மொதலாளி லாரியே அச்சா இதான். பாத்தார்னா திரும்ப வேலைக்கு வெச்சுக்குவாரு.”

“மட்கார்டு ஏன்யா நசுங்கிக் கெடக்கு?”

“நாந்தான் சுத்தியால தட்டுனேன். அதுலயும் அப்டித்தானே இருக்கு.”

“நீ தோல் ஷாப்பு கேட்டுல இடிச்சு நசுக்குனதாச்சே. அதுக்குத்தானே தொரத்துனாரு?”

“அது இல்லாங்காட்டி நம்ம லாரின்னு எப்டித் தெரியும்?”

ஆம்பூர் வந்தது. டிரைவர் லாரியை நெஞ்சோடு அணைத்து இறங்கினார். சிநேகிதர் ஜன்னல் வழியே சொன்னார்:

“இத்தையாவது எங்கயும் இடிக்காம எடுத்துனு போ.”