வாக்கெடுப்பின்போது வெளியே நின்றவள்

– சீற் பெல்ட்டைப் போடு ஜெயமதி. ரொக்ஸ்பரோவிலை உன்ரை வீட்டடியிலை இறக்கிவிடுறன்.

– முதல்லை சொல்லுங்கோ கனகசிங்கம் அண்ணை... கிறகரி மாஸ்ரர் தொடர்ந்து அதிபரா இருக்கிறாரோ, இல்லையோ?

– இல்லை. ஆனி மாசத்தோடை சரி.

– ஐயோ...

– இப்ப என்ன ஐயோ? "எனக்கு இதிலை சம்பந்தம் இருக்கு, நான் வாக்களிக்கேலாது" எண்டு எழும்பிப் போனது நீதானே!

– நிர்வாக சபையின்ரை விதி அதுதானே. தலைவர் நீங்கள்தான் வாசிச்சுக் காட்டினனீங்கள்.

– வாசிச்ச எனக்கே நித்திரை வந்தது. நீ மட்டும் பாடமாக்கிப் போட்டாய்!

– பெற்றாருக்கு என்ன சொல்லப்போறியள்? மொன்ட்ரியால்-நோர் பக்கத்து ஏழைப் பிள்ளையளைச் சோதினை வைக்காமல் சேர்த்த மனுசன்.

– அதுதான் பிழை. கவர்மெண்ட் காசு தருது, பள்ளிக்கூடத்தை நடத்திறது நாங்கள். பிள்ளையளை எப்பிடிச் சேர்க்கிறதெண்டு சபைதான் முடிவெடுக்கவேணும். அவர் ஒருத்தரையும் கேக்கேல்லை. நீயும் ஒரு பள்ளிக்கூடத்திலை உதவி அதிபர், உனக்குத் தெரியாதே?

– கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?

– ...அது வேறை கதை.

– ஆர் ஆர் அவருக்கு எதிரா நிண்டவை?

– உள்ளை கதைச்சது உள்ளைதான்.

– எனக்குமோ?

– வெளியிலை போனவைக்குக் கட்டாயம்!

– சரி, சொல்லவேண்டாம். ரோட்டைப் பாருங்கோ.

– பாத்துத்தான் ஓட்டுறன்.

– அண்ணை, சிவப்பு! சிவப்பு!

– கண்டனான், கண்டனான்... ஜெயமதி, ரெண்டு பக்கமும் சமனா வந்திட்டுது.

– சமனா வந்தா...

– தலைவர்தான் கடைசி வாக்குப் போடவேணும்.

– அப்ப நீங்கள்தானோ...

– நான்தான். விதியை மீறின அதிபரை வைச்சிருந்தா கவர்மெண்டுக்கு என்ன பதில் சொல்லுறது? ஆனா வெளியிலை வரேக்கை அவற்றை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் போச்சு.

– நான் வெளியிலை வாங்கிலை அவருக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். கோப்பி எடுத்துத் தந்தவர். "நீர் உள்ளை இருந்திருக்கலாமே" எண்டார்.

– இருந்திருந்தா?

– அவருக்குத்தான் கை தூக்கியிருப்பன். நல்ல மனுசன்.

– பாத்தியே! என்ரை வாக்கே தேவைப்பட்டிராது. அவற்றை வேலை தப்பியிருக்கும்!

– தெரியும்.

– தெரிஞ்சு கொண்டே போனனீ? என்ன சம்பந்தம் உனக்கு? அவர் மட்டக்களப்பு, நீ யாழ்ப்பாணம். சொந்தமுமில்லை...

– இல்லை.

– சிநேகிதம் எண்டு சொல்லாதை. சிநேகிதத்துக்கு ஒருத்தரும் எழும்பிப் போகத் தேவையில்லை.

– அதுவுமில்லை.

– பேந்து என்னடியப்பா?

– அவற்றை இடத்துக்கு நான் விண்ணப்பிக்கப் போறன், அண்ணை.