பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து வந்த வெள்ளை மணிகள்

என் பெயர் ஏவிஸ் ஆஷ்வொர்த். வயது எழுபத்தொன்று. காலமான வில்ஃப் ஆஷ்வொர்த்தின் மனைவி. பர்ன்லி நகரம், கிளஃப் எண்ட் தெரு, இருபத்தாறாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் இறந்தது சம்பந்தமாக மரண விசாரணைக்காக இதைச் சொல்கிறேன். என் மகன் நீல் உடன் இருக்கிறான்.

எங்கள் வீடும் திருமதி ஹேஸல் பிக்கப்பின் வீடும் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டியவை. வெளிச்சுவர் இரட்டைச் சுவர். நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடம் இரண்டு வீட்டுக்கும் தடையில்லாமல் ஓடுகிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அதில் தெர்மோகோல் மணிகளை ஊதி நிரப்பினால் வீடு குளிராது என்று குளிர்காலம் தவறாமல் ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். வில்ஃபுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. ஒருவன் பரணைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்து, டீயும் குடித்து, கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு, விற்க வருபவர்கள் மணி அடிக்கக் கூடாது என்று வில்ஃப் வாசலில் அட்டை ஒட்டினார்.

எங்கள் பின்னறையில் குளிர் காயும் கேஸ் கணப்பு உண்டு. அதன் பக்கத்தில், ஹேஸல் வீட்டை ஒட்டிய மூலையில், வெளிச்சுவரில் ஒரு காற்றுத்துளை. கணப்பு எரியக் காற்று அதன் வழியாகத்தான் வர வேண்டும். வில்ஃபின் நாற்காலி அதற்கு நேர் எதிரே இருந்தது.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஹேஸல் வீட்டுச் சுவரில் மணிகளை நிரப்ப ஆட்கள் வந்து துளை போட ஆரம்பித்தார்கள். மாலை நான்கு மணி வாக்கில் எங்கள் வாசல் மணி அடித்தது. வில்ஃப் போய்த் திறந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பேசியது தெளிவாகக் கேட்டது. வந்தவர் கேரத் லம்ப் என்பது பின்னால் தெரிந்தது.

"சார், பக்கத்து வீட்டுச் சுவர்ல வேல பாக்கறோம். உங்க கேஸ் கணப்ப ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"போன வருசம் வந்தவன் பரணப் பாக்கணும்னான். நீ கணப்பப் பாக்கணுங்கற. அடுத்து வர்றவன் கட்டிலுக்கு அடியில பாக்கணும்பான். அட்டையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா தம்பி?"

"விக்க வரல சார், நெசமாத்தான் சொல்றேன்..."

வில்ஃப் கதவைச் சாத்தினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அதன் பிறகு பாத்திரம் கழுவும்போது பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதே ஆள் வண்டியிலிருந்து நீளமான பிரஷ் ஒன்றை எடுத்து வந்தார். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, ஆனால் சுவர் உயரத்துக்கு. கூரைக்கடியில் அதை நுழைத்து இரண்டு வீடும் சேரும் இடத்தில் வெற்றிடத்துக்குள் மேலிருந்து கீழாக இறக்கினால்தான் மணிகள் எங்கள் பக்கம் உருண்டு வராதாம். அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேரத், "அந்தக் கெழவர் உள்ள விடல. இப்ப என்ன பண்றது?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர்களுடைய மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். "இருட்டிக்கிட்டு வருது, அத உள்ள வை. கொஞ்சம் அந்தப் பக்கம் போனாத்தான் என்ன, கெழவனுக்கு ஓசியில சூடு" என்றார். கேரத் பிரஷைத் திரும்ப வண்டியில் வைத்தார். அதன் பிறகு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் காற்றுத்துளைக்குக் கீழே கம்பளத்தில் சில வெள்ளை மணிகள் கிடந்தன. பேரப்பிள்ளைகள் எதையோ பிய்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்துவிட்டேன். வில்ஃப் அன்று நல்ல சந்தோஷமாக இருந்தார். "அந்தத் தொளையிலேருந்து வர்ற காத்து நின்னுபோச்சு ஏவிஸ். இத்தன வருசத்துல இப்பத்தான் காலு சூடா இருக்கு. ஹேஸலுக்கு ஒரு கேக் வாங்கிக் குடு" என்றார். நான் வாங்கியும் கொடுத்தேன்.

அதன் பிறகு இருவருக்கும் தலைவலி. எனக்குக் கடைக்குப் போனால் விட்டுவிடும், வீட்டுக்கு வந்தால் பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் சளிக்காய்ச்சலாக இருந்ததால் அதுதான் என்று இருந்துவிட்டோம். டாக்டரைத் தொந்தரவு செய்வானேன் என்றார் வில்ஃப்.

சனிக்கிழமை நான் பக்கத்து ஊரான நெல்சனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பின்னறை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கணப்பில் தீ மஞ்சளாக எரிந்தது. வில்ஃப் நாற்காலியில் இருந்தார். முகம் நல்ல சிவப்பாக இருந்ததால் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து அவர் கைப்பக்கம் வைத்தேன். பஸ் தாமதமாக வந்ததையும் தங்கையின் மூட்டுவலியையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வராததால் கோபப்பட்டேன். அதன் பிறகுதான் கையைத் தொட்டேன்.

காற்றுத்துளைக்குள் வெள்ளை மணிகள் இறுகிக் கிடந்ததைத் தீயணைப்புத் துறையினர் எடுத்துக் காட்டினார்கள். காற்று கிடைக்காமல் எரிந்த கணப்பு வாசனையில்லாத விஷவாயுவைக் கக்கியிருக்கிறது, எங்கள் தலைவலியும் அவர் முகத்தின் சிவப்பும் அதனால்தான் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே விடாவிட்டால் சுவரை நிரப்பாமல் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் தங்கள் ஆளை உள்ளே விடவில்லை என்று மணிகளை ஊதிய கம்பெனி இப்போது சொல்கிறது. இங்கே வரும் வழியில் நீல் காரில் என்னிடம் கெஞ்சினான். "யாரும் வரலன்னு ஒரே வார்த்த சொல்லும்மா. இல்லன்னா எல்லாப் பழியையும் அப்பா தலையில போட்டுட்டு அவனுங்க கைய கழுவிடுவானுங்க." அவன் பயம் நியாயமானது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் ஆள் வந்தார். கணப்பைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார். உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வில்ஃப் அவருக்கு நாற்காலி போட்டிருப்பார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, அப்பா கதவைச் சாத்தியதை மட்டும் நீக்கிவிடலாமா என்று நீல் அதிகாரியிடம் கேட்டான். நான் சம்மதிக்கவில்லை. கதவைச் சாத்தியவர் என் கணவர். சாத்தியிருக்கிறது என்று தெரிந்தே மணிகளை ஊதியவர்கள் அவர்கள். இரண்டும் இருக்கட்டும் என்றேன். நீல் எழுந்து வெளியே போய்விட்டான்.

மேலே எழுதியிருப்பது என் வாயால் சொன்னது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசிக்கக் கேட்டேன், உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) ஏவிஸ் ஆஷ்வொர்த்

சாட்சி: மகன் நீல் ஆஷ்வொர்த் கையெழுத்திட மறுத்ததால், பதிவு செய்த அதிகாரி ஒப்பமிட்டார்.